முயல் கதை எழுதிச் செம்மறி ஆடு வளர்த்த சீமாட்டி

மழை கொட்டிக்கொண்டிருந்தது.

வட இங்கிலாந்தில் ஏரிகளும் மலைகளும் நிறைந்த ஒரு நாட்டுப்புறம். அங்கே ஒரு சாலையில் வயதான பெண்மணி ஒருவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். தலையில் கோணிச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தார். உடம்பிலே முரட்டுக் கம்பளி உடை. காலிலே மரக்கட்டை அடி வைத்த செருப்பு.

எதிரே ஒரு நாடோடி வந்தான். பெண்மணியை ஏற இறங்கப் பார்த்தான். இவளும் நம்மைப் போல வீடு வாசல் இல்லாதவள்தான் என்று நினைத்துவிட்டான். நம்மைப் போன்றவர்களுக்கு இந்த மழை பெரிய கஷ்டம்தான் என்று அனுதாபமாகப் பேசிவிட்டு நடந்தான்.

பெண்மணிக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சம்பவத்தைப் பிறகு பலரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரிக்காமல் என்ன செய்வார்? சுற்றிலும் தெரிந்த மலைச் சரிவுகளில் ஆயிரக்கணக்கான ஏக்கர் அவருக்குச் சொந்தம். சின்னஞ்சிறு குழந்தைகளுக்காக அவர் எழுதிய புத்தகங்கள் உலகம் முழுவதும் விற்றுக்கொண்டிருந்தன. நீலச் சட்டை போட்ட பீட்டர் என்ற முயல்குட்டியின் கதையை எழுதிப் படமும் போட்ட பியாட்ரிக்ஸ் பாட்டர்தான் அவர்.

முயல் கதை பலருக்குத் தெரியும். அந்தக் கதையில் வந்த பணத்தை அவர் என்ன செய்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. ஆடு வாங்கினார்! ஆடு மேய மலை வாங்கினார்!

பருத்தி கொடுத்த செல்வம்

பியாட்ரிக்ஸ் 1866-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி லண்டனில் பிறந்தார். தாத்தா எட்மண்ட் பாட்டர் துணியில் அச்சடிக்கும் பெரிய தொழிற்சாலை வைத்திருந்தவர். தாயார் வீட்டாருக்கும் பருத்தி வியாபாரம்தான். தகப்பனார் வக்கீலுக்குப் படித்திருந்தும் கோர்ட்டுக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை. அவ்வளவு சொத்து. கம்பளி ஆட்டைக் காப்பாற்ற வந்த பெண் பருத்திப் பணத்தில் வளர்ந்தார் என்பது வேடிக்கைதான்.

பணம் இருந்ததே தவிர, கலகலப்பு இல்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வீட்டுக்கே ஆசிரியை வந்தார். விளையாட ஒரே ஒரு தம்பி; அவனும் 6 வயது இளையவன். ஆகவே குழந்தைகள் இரண்டு பேரும் முயல், எலி, பல்லி, வௌவால், முள்ளெலி என்று கிடைத்ததையெல்லாம் வளர்த்தார்கள். பியாட்ரிக்ஸ் அவற்றைப் பார்த்துப் பார்த்துப் படம் வரைந்தார். 15 வயது வாக்கில், தாமே உண்டாக்கிய ரகசிய எழுத்தில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 30 வயது வரையில் எழுதினார். அந்த எழுத்தின் மர்மம் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1958-ல்தான் அவிழ்ந்தது.

1882-ல் குடும்பம் கோடை விடுமுறைக்கு ஏரி மாவட்டத்துக்குப் போயிற்று. அந்த ஊர்ப் பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி வீட்டுக்கு வந்து பழகினார். நாட்டின் அழகான இடங்களையும் பழைய வீடுகளையும் வாங்கிக் காப்பாற்ற வேண்டும் என்று ஓயாமல் பேசுகிறவர் அவர். பேச்சோடு நிற்கவில்லை. 1895-ல் வேறு இருவருடன் சேர்ந்து தேசிய அறநிலையம் என்ற ஸ்தாபனத்தையே தோற்றுவித்துவிட்டார். 16 வயதுப் பெண்ணின் காதில் விழுந்த அந்தப் பேச்சு வீண்போகவில்லை.

காளான்களைப் பற்றிப் பியாட்ரிக்ஸ் ஆராய்ச்சி செய்தார். 1897-ல் அவருடைய கட்டுரை லண்டனில் லின்னேயன் சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. ஆனால் கூட்டத்துக்கு அவர் போக முடியவில்லை. அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்கு இடம் இல்லை!

முயல் பிறந்த கதை

முன்பு பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியை ஒருவருக்குக் கல்யாணமாகிக் குழந்தைகள் இருந்தார்கள். 1893-ல் அவருடைய 5 வயதுப் பையன் நோயாகப் படுத்திருந்தான். அவனுக்கு என்ன எழுதுவது என்று பியாட்ரிக்ஸுக்குத் தோன்றவில்லை. 4 முயல்குட்டிகளின் கதையைப் படங்களோடு கடிதமாக எழுதி அனுப்பினார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு அதைப் புத்தகமாக்க நினைத்தார். பதிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வேண்டாம் என்றார்கள். 1901-ல் சொந்தச் செலவில் 250 பிரதி அச்சிட்டார். பிறகு, 1902-ல் வார்ன் கம்பெனியார் வெளியிட்டார்கள். சக்கைப்போடு போட்டது!

வார்ன் குடும்பத்தின் இளைய மகன் நார்மன். புத்தக வேலையில் இருவரும் பழகினார்கள். 1905 ஜூலையில் நார்மன் மணம் புரிய விரும்புவதாகத் தெரிவித்தார். பியாட்ரிக்ஸ் சம்மதித்தார். பெற்றோர் சம்மதிக்கவில்லை. புத்தக வியாபாரி வீட்டில் சம்பந்தமா என்றார்கள். துணி வியாபாரத்தில் சேர்த்த பணத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்டார்கள்!

ஒரு மாதம்தான் சென்றிருந்தது. ரத்தப் புற்றுநோய் நார்மனைக் கொண்டுபோய்விட்டது. ஆகஸ்டு 25-ந் தேதி அவர் காலமானார். பியாட்ரிக்ஸுக்கு அப்போது 39 வயது.

அந்த ஆண்டே, ஏரி மாவட்டத்தில் சாரே என்ற சிற்றூரில் ஹில் டாப் என்ற சிறிய பண்ணையை வாங்கினார். அழுகையை அடக்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது போலும். பெற்றோரைக் கவனிக்கும் பொறுப்பு லண்டனில் இருந்தது. கிடைத்த நாளிலெல்லாம் பண்ணைக்கு ஓடி வந்தார். கோழி, பன்றி, மாடு வாங்கினார். பிறகு ஆடுகள் வந்தன.

வயதாக ஆக வெளுக்கும் ஆடு

அந்த மலைகளுக்கே உரிய செம்மறி ஆட்டுக்கு ஹெர்ட்விக் என்று பெயர். குட்டி பிறக்கும்போது கரிக்கட்டை போலக் கறுப்பாக இருக்கும். வளர வளரப் பழுப்பாகி, பிறகு சாம்பல் நிறமாகும். வயதான ஆட்டின் முகம் உறைபனி படிந்ததுபோல வெள்ளையாகிவிடும். கிடாவுக்குக் கொம்பு உண்டு. பெண் ஆட்டுக்குக் கிடையாது.

ஆள் சின்னது, உரம் பெரியது. காற்றும் மழையும் பனியும் மாறி மாறி அடிக்கும் மலை உச்சியில், வேறு ஆடுகள் விறைத்துப்போகும் இடத்தில், இது கல்லிடுக்குப் புல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். பனிக்குள் புதைந்தால்கூடத் தன் ரோமத்தையே தின்று பல நாள் உயிரோடு இருக்கும் என்று அங்குள்ள மேய்ப்பர்கள் சொல்வார்கள்.

இதன் கம்பளியும் இதைப் போலவே முரடு. நடுநடுவே குச்சி குச்சியாகக் கெட்டி மயிர் இருக்கும். கழுத்தில் சுற்றினால் குத்தும். சாயம் போட்டால் சரியாகப் பிடிக்காது. ஆனால் மழைத் தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காது. எத்தனை வருஷம் உழைத்தாலும் தேயாது. அதனால் மேல்சட்டைக்கும் தரை விரிப்புக்கும் பேர்போனது. சாயம் எதற்கு? வெளிர்ந்த ரோமத்தையும் கறுத்த ரோமத்தையும் கலந்து நூற்றாலே சாம்பலில் பலவகை நிறம் கிடைத்துவிடும்.

ஜூலை மாதம் ரோமம் கத்தரிக்கும் காலம். ஒரு பண்ணையில் கத்தரிப்பு என்றால் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் கத்தரிக்கோலோடு வந்துவிடுவார்கள். இன்று உன் வீட்டில். நாளை என் வீட்டில். கைதேர்ந்தவர் கையில் ஓர் ஆட்டின் ரோமம் முழுவதும், சட்டையைக் கழற்றினாற்போல ஒரே விரிப்பாக வந்துவிடும். அதைச் சுருட்டிக் கட்டி வைப்பார்கள்.

ஆலைகள் வருவதற்கு முன்னால் நூற்பது எல்லாம் வீட்டிலேதான். ரோமத்தை அலசி, சிக்கெடுத்து, பல் வைத்த பலகையால் சீவி, ராட்டையில் நூற்பார்கள். பழைய பண்ணை வீடுகள் சிலவற்றில் மாடியை ஒட்டி வெளியே நீண்ட மரத் தாழ்வாரம் இருக்கும். அதற்கு நூற்புத் தாழ்வாரம் என்றே பெயர். இருண்ட வீட்டுக்குள் கண் தெரியாது என்று பெண்கள் வெளிச்சத்துக்காக அங்கே வந்து உட்கார்ந்து நூற்றதாகச் சொல்கிறார்கள். கூரைச் சாய்ப்பு மழைக்கும் மறைவு.

மலையில் எல்லா மந்தைகளும் கலந்து மேய்ந்தால் எது யாருடையது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் அடையாளம் உண்டு. காதில் ஒரு வெட்டு. ரோமத்தின் மேல் ஒரு சாயக் குறி. இந்த அடையாளங்களையெல்லாம் படம் போட்டு 1817-லேயே புத்தகம் அச்சிட்டுவிட்டார்கள். வழி தவறி வந்த ஆட்டை அந்தப் புத்தகத்தைப் பார்த்து, மேய்ப்பர் கூடும் நாளில் உரியவரிடம் ஒப்படைப்பார்கள்.

பியாட்ரிக்ஸ் இதையெல்லாம் எவ்வளவு கவனித்தார் என்பதற்கு அவருடைய கதையே சாட்சி. 1905-ல் வந்த அவருடைய புத்தகம் ஒன்றில் டிக்கி விங்கிள் அம்மாள் என்ற முள்ளெலி சலவைக்காரியாக வருகிறாள். அவள் வெளுக்கும் உருப்படிகளில் ஆட்டுக்குட்டிகளின் கம்பளிச் சட்டைகளும் உண்டு. அந்தச் சட்டைகளில் பண்ணை அடையாளம் போட்டிருக்கிறது!

ஆடு போனால் மலையும் போகும்

1909-ல் பக்கத்துப் பண்ணையையும் வாங்கினார். பத்திரம் முடித்துக் கொடுத்த வக்கீல் வில்லியம் ஹீலிஸ். நல்ல மனிதர். மலை மலையாக இருவரும் நடந்து நிலம் பார்த்தார்கள். 1913 அக்டோபரில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. மணப்பெண்ணுக்கு வயது 47. இந்தத் தடவையும் பெற்றோர் முணுமுணுத்தார்கள். பியாட்ரிக்ஸ் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஊரில் அவர் திருமதி ஹீலிஸ்தான். கதாசிரியை என்று யாராவது தேடி வந்தால் அவருக்குப் பிடிக்காது.

கதை எழுதுவது குறைந்தது. கண்பார்வையும் மங்கி வந்தது. ஆட்டு மந்தை வளர்ந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை விளக்கவேண்டும். ஹெர்ட்விக் ஆடுகள் மேயும் மலை உச்சியில் வேலி கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தன் எல்லைக்குள்ளேயே மேயும். தாய் ஆட்டின் பின்னால் திரியும் குட்டி, எது நம் இடம், எங்கே தண்ணீர், எந்தப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கினால் காற்று அடிக்காது என்பதையெல்லாம் அதனிடமே கற்றுக்கொள்கிறது. அது தாயானதும் தன் குட்டிக்குக் கற்றுக் கொடுக்கிறது. இப்படியே நூற்றுக்கணக்கான ஆண்டுகள்.

ஒரு பண்ணைக்காரர் மந்தையை மொத்தமாக விற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படிப்பும் அதோடு போயிற்று! புதிதாக வாங்கி வந்து விட்ட ஆடு, மலையில் நிற்காமல் திசைக்கு ஒன்றாகப் போய்விடும். மறுபடி பழக்குவதற்கு வருஷக்கணக்கில் மேய்ப்பன் கூடவே நிற்கவேண்டும். யாரால் முடியும்?

அந்த ஆபத்துத்தான் 1920-களில் தலைக்கு மேல் நின்றது. கம்பளி விலை விழுந்தது. வீடுகளில் லினோலியம் விரிப்புப் போடும் பழக்கம் பரவியது. முரட்டுக் கம்பளி விரிப்பை வாங்க ஆள் குறைந்தது. இன்னொரு பக்கம், ஏரிக் காட்சிக்கு ஆசைப்பட்ட பட்டணத்துப் பணக்காரர்கள் வந்தார்கள். பண்ணையை மனைமனையாகப் பிரித்து பங்களா கட்ட நல்ல விலை கொடுத்தார்கள். ஆட்டைக் கட்டி அழுவதைவிட நிலத்தை விற்பதே லாபம் என்று ஆயிற்று.

1923-ல் ட்ரவுட்பெக் பார்க் என்ற பண்ணை விலைக்கு வந்தது. ஒரு முழுப் பள்ளத்தாக்கின் மேல்கோடி. 2,000 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அங்கேயும் வீடு கட்டும் பேச்சு இருந்தது. பியாட்ரிக்ஸ் முந்திக்கொண்டு வாங்கினார். வாங்கின கையோடு தமது உயிலில் அதைத் தேசிய அறநிலையத்துக்கு எழுதி வைக்கவும் ஏற்பாடு செய்தார்.

வாங்கிய பண்ணையோ சீக்குப் பிடித்த பண்ணை! ஈர நிலத்தில் மேய்ந்த ஆடுகளின் ஈரலில் தட்டைப் புழு விழுந்திருந்தது. ஆடுகள் இளைத்துச் செத்துக்கொண்டிருந்தன. அம்மையார் சளைக்கவில்லை. புதிதாக வந்த மருந்துகளைத் தருவித்தார். நல்ல மேய்ப்பன் யார் என்று விசாரித்தார். டாம் ஸ்டோரி என்பவரைத் தேடிப் போய் 1926-ல் வேலைக்கு அமர்த்தினார். மந்தை தேறியது. அடுத்த ஆண்டு ஸ்டோரியை ஹில் டாப் பண்ணைக்கு மாற்றி, கண்காட்சிக்கு ஆடு தயார் செய்யும் பொறுப்பைக் கொடுத்தார்.

1930-களில் ஊர்க் கண்காட்சிகளில் அம்மையாருடைய பெண் ஆடுகள் பரிசுக் கோப்பைகளை வாரிக்கொண்டு வந்தன. தொப்பியும் கம்பளி உடுப்புமாக அவர் ஆட்டுப் பட்டிகளுக்கு நடுவே நிற்கும் புகைப்படங்கள் இருக்கின்றன. உடம்பிலே போட்டிருந்ததும் ஹெர்ட்விக் கம்பளியில் நெய்த துணிதான். சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் ஆண்கள். தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்தவர்கள். லண்டன் சீமாட்டிக்கு ஆட்டைப் பற்றி என்ன தெரியும் என்று முதலில் நினைத்தவர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள். பிறகு அவரையே நடுவராகவும் அழைத்தார்கள்.

எல்லாருக்கும் அவர் இனியவராக இருந்தார் என்று சொல்ல முடியாது. கறாரான பேர்வழி. காசில் கெட்டி. அவர் நிலத்தில் வந்து விளையாடி விரட்டப்பட்ட ஊர்ப் பிள்ளைகள், இவரா முயல் கதை எழுதினார் என்று திகைத்தது உண்டு. ஆனால் காசை அவர் தமக்காகச் சேர்க்கவில்லை.

நூற்புத் தாழ்வாரம் இருந்த வீடு

1930 வாக்கில் கானிஸ்டன் ஏரியை ஒட்டிய 4,000 ஏக்கர் எஸ்டேட் விற்பனைக்கு வந்தது. தேசிய அறநிலையத்திடம் அப்போது பணம் இல்லை. துண்டு துண்டாகப் போய்விடுமே என்று பதறிய பியாட்ரிக்ஸ் முழுவதையும் தாமே வாங்கினார். அறநிலையத்துக்குப் பணம் சேர்ந்தபோது பாதியை, வாங்கிய விலைக்கே கொடுத்தார். ஒரு பென்னிகூட லாபம் வைக்கவில்லை. பல ஆண்டுகள் அந்தப் பாதியையும் தாமே நிர்வாகம் செய்தார்.

அந்த எஸ்டேட்டில் யூ ட்ரீ பண்ணை என்று ஒன்று. பழைய நூற்புத் தாழ்வாரம் அழியாமல் இருந்த வீடு அது. கம்பளியால் மட்டும் அங்கே குடியிருந்தவர்கள் பிழைக்க முடியாத காலம். பியாட்ரிக்ஸ் ஒரு யோசனை செய்தார். அந்த வீட்டில் பழைய மேஜை நாற்காலிகளைக் கொண்டுவந்து அழகாகப் போட்டு, ஊர் பார்க்க வருகிறவர்களுக்குத் தேநீர் விற்கும் அறையாக்கிக் கொடுத்தார். தேநீரில் வரும் வருமானம் ஆட்டுப் பண்ணையைத் தாங்கட்டும் என்பது கணக்கு.

முயலும் கைகொடுத்தது. 1927-ல் விண்டர்மியர் ஏரிக்கரை நிலம் ஒன்றைக் காப்பாற்ற நிதி தேவைப்பட்டபோது, பீட்டர் முயல் படங்கள் 50-ஐ வரைந்து கையெழுத்துப் போட்டு அமெரிக்காவுக்கு அனுப்பினார். படம் ஒன்றுக்கு ஒரு கினி.

1943-ல் ஹெர்ட்விக் ஆடு வளர்ப்போர் சங்கம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. ஒரு பெண்ணை அந்தச் சங்கம் தேர்ந்தெடுத்தது அதுவே முதல் தடவை. ஆனால் பதவி ஏற்க அவர் இருக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி காலமானார். வயது 77.

உயிலைப் பார்த்தார்கள். 4,000 ஏக்கருக்கு மேல் நிலம், 14 பண்ணைகள், வீடுகள் எல்லாம் தேசிய அறநிலையத்துக்கு. அதோடு ஆட்டு மந்தைகளையும் எழுதியிருந்தார்! மலைப் பண்ணைகளில் சுத்தமான ஹெர்ட்விக் இனமே இருக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். மந்தை பண்ணையைச் சேர்ந்தது. குத்தகைக்காரர் மாறலாம், போகும்போது அதே அளவு மந்தையை அடுத்தவரிடம் விட்டுப் போகவேண்டும். தாயிடம் குட்டி கற்கும் பாடம் இடையிலே அறுந்துபோகாமல் இருப்பதற்கு இதுதான் வழி என்று அவர் கண்டிருந்தார். கணவர் ஹீலிஸ் 1945-ல் காலமானார். அதற்குப் பிறகு மீதிச் சொத்தும் அறநிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

2001-ல் இங்கிலாந்தில் கோமாரி நோய் பரவியபோது ஏரி மாவட்டத்து ஆடுகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டன. ஹெர்ட்விக் இனமே போய்விடுமோ என்று பயந்தார்கள். தப்பிப் பிழைத்தது. 2017-ல் அந்த மாவட்டம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆடு மேய்த்தே உருவான நிலம் என்பதும் அதற்கு ஒரு காரணம். கம்பளிக்கு மட்டும் இன்னும் நல்ல காலம் பிறக்கவில்லை. ஓர் ஆட்டின் ரோமம் விற்கும் விலை, கத்தரிக்கும் கூலிக்குக்கூடப் பற்றாமல் போவது உண்டு. ஆனாலும் அந்தச் சாம்பல் நிற ரோமத்தைக் கையால் நூற்று விரிப்பும் பையும் தொப்பியும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பியாட்ரிக்ஸ் பாட்டருக்குக் கல்லறை கிடையாது. உடலைத் தகனம் செய்தார்கள். சாம்பலைத் தூவும் பொறுப்பு மேய்ப்பர் டாம் ஸ்டோரியிடம் வந்தது. ஹில் டாப் பண்ணைக்கு மேலே, அவர் விரும்பிய ஓர் இடத்தில் ஸ்டோரி அதைத் தூவினார். எந்த இடம் என்று ஊராருக்குச் சொல்லவில்லை. அம்மையார் கேட்டுக்கொண்டது அப்படி.